பள்ளிச் சாலையும் எட்டு மீட்டரும்

மோட்டார் வண்டி என்பது ஓட்டுநர் நினைத்த மாத்திரத்தில் நின்றுவிடுவதன்று. சாலையின் குறுக்கே பிள்ளை ஒன்று ஓடி வருவதைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் காலை வைப்பதற்கே ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஒரு வினாடியில் 14 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த பின்னரும், உலர்ந்த சாலையில், மேலும் 14 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆக 28 மீட்டர். வேகம் 40 ஆயின் 20 மீட்டரே போதும். எட்டு மீட்டர்தானே வேறுபாடு என்று தோன்றலாம். ஆனால் 40-இல் வந்த வண்டி முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தில், 50-இல் வந்த வண்டி இன்னும் 37 கிலோமீட்டர் வேகத்துடன் பாய்ந்துகொண்டிருக்கும்! கணக்கு ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். மழை பெய்தால் தூரம் இன்னும் நீளும்; சிங்கப்பூரிலோ மழைக்குக் குறைவில்லை.

வேறு அறிவிப்பு இல்லாத சாலைகளில் 50 கிலோமீட்டரே சிங்கப்பூரின் வேக வரம்பு. தொடக்கப் பள்ளிகளைச் சுற்றிப் ‘பள்ளி வட்டாரம்’ வகுத்து, சிவந்த தரையும் எச்சரிக்கைப் பலகையும் அமைத்திருக்கிறார்கள். விளக்குகள் மின்னும்போது 40-க்கு மேல் போகலாகாது என்னும் பலகையையும் பல இடங்களில் காணலாம். இவை வேண்டியவையே. எனினும் பலகை எவ்வளவு சொன்னாலும், அகன்று நேராக ஓடும் சாலை ‘இன்னும் விரைந்து போ’ என்றே ஓட்டுநரைத் தூண்டுகிறது. சாலையின் உருவமே வேகத்தை ஆள்கிறது என்பதுதான் ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டுவது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில் டன்லப் ஸ்திரீட்டிலோ கஃப் ரோட்டிலோ சற்று நின்று பார்த்தால் போதும். சரக்கிறக்கும் லாரியும், மூட்டையோடு நடப்போரும், ஐந்தடிப் பாதையிலிருந்து வீதிக்கு இறங்குவோருமாக இருக்குமிடத்தில் எந்த வண்டியும் விரைய இயலாது. இப்பகுதியின் வீதிகளை வகுத்தவர்கள் மோட்டாரை மனத்திற்கொண்டு வகுத்தவர்களல்லர். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்னும் பெயர்களே பழைய கால்நடைத் தொழிலைக் கூறும். கெர்பாவ் என்பதும் மலாய்மொழியில் எருமைதான். 1989-இல் இது பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்களோடு வீதிகளின் குறுகலும் பிழைத்தது. அடுத்தே ஓடும் சிராங்கூன் சாலையின் கதை வேறு.

பழைய சந்துகள் தாமாகச் செய்வதைப் புதிய பேட்டைகளில் பணம் செலவிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. முதியோருக்கென 2014-இல் புக்கிட் மேரா வியூவில் தொடங்கிய ‘சில்வர் ஸோன்’ திட்டம் அத்தகையது. நேர்ச்சாலையை வளைத்தார்கள், ஓடுபாதையைக் குறுக்கினார்கள், பாதி கடந்து நின்று இளைப்பாற நடுத்திட்டு அமைத்தார்கள். முதியவருக்கு ஏற்றது சிறுவருக்கும் ஏற்றதே. வேகத்தடை மேடு ஒன்றே போதுமென்பாரும் உளர். ஆனால் ஆம்புலன்ஸும் பஸ்ஸும் அதன்மீது குலுங்கியே செல்ல வேண்டும். மேடு தாண்டியதும் வண்டிகள் மீண்டும் விரைகின்றன.

நிற்க. பணம் யார் கொடுப்பது? 1990-இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழும், 1998-இல் வந்த மின்னியல் சாலைக் கட்டணமும் பெருந்தொகை ஈட்டுகின்றன. அத்தொகை சாலைக்கென்று தனியே ஒதுக்கப்படுவதில்லை. அரசின் பொது வருவாயிற் சேர்கிறது. ஆகவே ஒவ்வொரு வேலையும் வரவுசெலவுத் திட்டத்தில் தன் தேவையை மெய்ப்பித்தே இடம்பெற வேண்டும். முதியோர் தொகை, விபத்துக் கணக்கு, அருகிலுள்ள சந்தை முதலிய வசதிகள் ஆகியவற்றைப் பார்த்தே சில்வர் ஸோனுக்கு இடம் தெரிவு செய்கிறார்கள். விபத்துக் கணக்கு ஏறும்வரை காத்திருப்பது பள்ளிக்குப் பொருந்துமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

எனினும் இங்கே சாலைகளுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் என்னும் ஒரு பொறுப்பாளர் உண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூரில் அதுவும் எளிதன்று. பள்ளி ஊராட்சிக்குள் இருக்கும். அதன் வாயிலிற் செல்லும் சாலையோ நெடுஞ்சாலைத் துறையினுடையதாக இருக்கக்கூடும். 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தால் இந்தியாவின் எத்தனையோ சிற்றூர்களுக்குத் தார்ச்சாலை வந்தது. அதனுடன் வேகமும் வந்தது. சாலை போடும்பொழுதே வேகத் தணிப்புக்கும் சேர்த்துத் திட்டமிட்டால் செலவு சிறிது. பின்னர் பெயர்த்துச் செய்வது இரட்டைச் செலவு. அதுவும் நடவாதபோது, ஊரார் தாமே மண்ணையும் கல்லையும் குவித்து மேடு போட்டுவிடுகிறார்கள். இரவில் வரும் சைக்கிள்காரர் அதில் விழுகிறார்.

சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்திற்கு, தம் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பெறாத மாணவர்கள் பள்ளி விட்ட பிறகே வருகிறார்கள். தொடக்கப் பள்ளி தொடங்கும் வேளையையும் முடியும் வேளையையும் கொண்டு மின்னும் விளக்கு, இவர்கள் சாலை கடக்கும் வேளையை அறியாது. எந்த மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதை ஒரு வாரம் குறித்து வைத்தால், அதுவே ஆணையத்தின் முன் வைக்கத்தக்க சான்றாகும். அதற்கு வேண்டுவது ஒரு நோட்டும் ஒரு கடிகாரமுமே.