கூட்டுக் குடும்பமும் கம்பெனி பஸ்ஸும்



"அந்தக் காலத்துல ஒரே அடுப்பு, இருபது பேர் சாப்பாடு" என்று வீட்டுப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரே அடுப்பு யார் வீட்டில் எரிந்தது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. நிலம் பிரியக் கூடாது, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டும் என்பதால் நிலம் உள்ளவர்கள் கூடி வாழ்ந்தார்கள். கூலிக்குப் போனவருக்குக் காப்பாற்ற நிலமே இல்லை. கல்யாணமான மகன் பக்கத்திலேயே தனிக் குடிசை போட்டுக்கொள்வான். ஆக, குடும்ப அமைப்பில் அன்றே ஏற்றத்தாழ்வு இருந்தது.

1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. 1998-இல் கார் வெளிவந்தது. பிறகு ஒரகடம் வரை சிப்காட் விரிந்தது. பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்தார்கள். சிலர் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். அதே வயலில் நாற்று நட்டவரிடம் பட்டா இல்லை. அவருக்கு வேலையும் போச்சு, இழப்பீடும் இல்லை.

பெண்களின் கதை என்ன? பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. மத்திய அரசு 2005-இல்தான் செய்தது. ஆனாலும் "அண்ணனுக்கு விட்டுக் கொடும்மா" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நிற்கவில்லை.

வெளி மாவட்டங்களிலிருந்து வரும் தங்கைகள் ஹாஸ்டலில் தங்கிச் சம்பாதிக்கிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் கல்யாணம் ஆனபின்? திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. எப்படியிருந்தாலும், லைன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லை. பர்மனென்ட் சம்பளம் உள்ளவர் காசு கொடுத்து ஆள் வைக்கலாம். கான்ட்ராக்ட் தொழிலாளி வீட்டில் அம்மாதான் வேலையை விட வேண்டும். இரண்டு சம்பளம் ஒன்றாகிவிடும்.

அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்ததுதான். பல சப்போர்ட் உள்ள பீமில் லோடு பிரிந்து இறங்கும். சப்போர்ட்டை எடுத்தால் மிச்சம் உள்ளது தாங்க வேண்டும். கூட்டுக் குடும்பம் தாங்கிய பிள்ளை வளர்ப்பு, முதுமை, வேலையிழப்பு எல்லாம் இன்று கணவன் மனைவி தலையில். 2014-இல் நோக்கியா ஆலை மூடியபோது ஊரில் நிலம் உள்ளவருக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. மற்றவருக்கு?

இதற்காகப் பழைய கூட்டுக் குடும்பம் திரும்ப வேண்டுமா? வேண்டாம். அங்கே மருமகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். நமக்கு வேண்டியது வேறு சப்போர்ட்டுகள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்தாயிற்று. நாளை நாம் யூனிபார்ம் மாட்டிப் போகும் கம்பெனியில் அது எங்கே என்று கேட்போம். அதற்கு முன், தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டாமல் இருப்போம்.