விமானம் குடிப்பதும் மண்ணெண்ணெய்தான்

விமானத்துக்கு ஊற்றுவது ஏதோ விசேட எண்ணெய் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது நன்கு சுத்திகரித்த ஒரு வகை மண்ணெண்ணெய்தான். றொசல்லயில் எங்கள் லயன் அறைகளின் குப்பி விளக்கிலும், மன்னார், முல்லைத்தீவு மீனவரின் படகு இயந்திரத்திலும் எரிவது அதற்கு நெருங்கிய உறவு.

மேலே ஏறும்போதே விமானம் வேகமாக எண்ணெய் குடிக்கும். ஆனால் ஏற்றம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பின்பு 35,000 அடி உயரத்தில், ஐதான காற்றில், மணிக்கணக்காக ஒரே சீராகப் பறக்கிறது. நீண்ட பயணத்தில் பெரும்பகுதி எண்ணெய் அங்கேதான் செலவாகிறது.

எயார்பஸ் 330 விமானம் மணிக்கு 5 முதல் 6 தொன் வரை எரிக்கும். கொழும்பிலிருந்து லண்டனுக்கு 11 மணித்தியாலம். சுமார் 60 தொன். 300 பேர் பயணித்தால் ஆளுக்கு 200 கிலோ. ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்வதால்தான் நிறை கூடுகிறது. அப்படியானால் ஆளுக்கு 600 கிலோவுக்கு மேல்! விமானத்தின் பின்னால் நீளும் வெள்ளைக் கோடும் சும்மா இல்லை. அது உறைந்த நீராவி. சில வேளை முகிலாகப் பரவி, இரவில் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கும்.

கொழுந்துக் கூடை நிறைய நிறைய மலையேற நமக்கு மூச்சு வாங்கும். விமானத்துக்கும் பாரம் கூடினால் செலவு கூடும். 2022 இல் நாட்டில் எண்ணெய் தட்டுப்பட்டபோது, கொழும்பிலிருந்து புறப்பட்ட விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பின. திரும்பிச் செல்லத் தேவையான எண்ணெயையும் சுமந்து வருமாறு விமான நிறுவனங்களிடம் கேட்கப்பட்டது. எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் எரிந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. தோட்டத்திலும் கடற்கரையிலும் அந்தச் சுமை பெண்களின் தலையிலேயே விழுந்தது.

உலகில் வெளியாகும் காபனீரொட்சைட்டில் விமானங்களின் பங்கு 2.5 வீதமளவில்தான். ஆனால் உலக மக்களில் பெரும்பாலோர் வருடத்தில் ஒருமுறையேனும் விமானம் ஏறுவதில்லை. காலநிலை மாறி மழை தப்பினால் கொழுந்து குறையும். எங்கள் வேலை நாளும் குறையும். வன்னியில் குளம் வற்றினால் உங்கள் வயலும் காயும்.

பிழைப்புக்காக டுபாய்க்கு விமானம் ஏறும் சகோதரியை நான் குறை கூறவில்லை. அவள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவள். அடிக்கடி பறப்பவர்களே அதிகம் எரிக்கிறார்கள். சகோதரிகளே, மாதர் சங்கக் கூட்டங்களில் காலநிலை பற்றிப் பேச்சு வரும்போது விறகு அடுப்பை மட்டும் குற்றம் சொல்ல விடாதீர்கள். இந்தக் கணக்கையும் எடுத்துச் சொல்லுங்கள்.