பெயருள்ள ஊரும் பசியுள்ள ஊரும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்ததும் செம்பரம்பாக்கம் வருகிறது. அங்குள்ள பேரேரியை இன்று நாம் சென்னையின் குடிநீர் ஆதாரமாகவே அறிகிறோம். ஆனால் அது நெடுங்காலம் நெல் வயல்களுக்கு நீர் பாய்ச்சிய பாசன ஏரி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழில் நகரங்களாயின. வயல்கள் பல மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறின. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர். நெல் விளைந்த நிலத்தில் இன்று வாழ்வோருள் பலர் அரிசியைக் காசு கொடுத்து வாங்கி உண்போர். அவர்களிலும் இரு சாராருளர்: குடும்ப அட்டையைக் கையில் வைத்திருப்போர் ஒரு சாரார், அட்டையைத் தொலைதூரச் சொந்த ஊரில் விட்டு வந்தோர் மறு சாரார். இவ்விரண்டாம் சாராரின் உணவுரிமை பற்றியே இங்கு நாம் சிந்திக்க விழைகிறோம்.

பசி என்றதும் தானியத் தட்டுப்பாடு நம் நினைவுக்கு வருகிறது. இவ்வெண்ணத்தை அசைத்தவர் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை அவர் ஆராய்ந்தார். பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டை விட 1943இல் வங்கத்தில் கிடைத்த உணவு குறைவாக இருக்கவில்லை என்பது அவர் 1981இல் வெளியிட்ட நூலின் முடிவு. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்க்கு மலிவு விலையில் அரிசி வழங்கப்பட்டது. கிராமத்துக் கூலிகளும் மீனவர்களும் இலட்சக்கணக்கில் மடிந்தனர். தானியம் இருந்தது; அதைப் பெறும் உரிமையும் வழியும் அவர்களுக்கு இருக்கவில்லை. எனவே உணவுப் பாதுகாப்பு என்பது களஞ்சியத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. களஞ்சியத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதையும் பொறுத்தது.

இவ்வகையில் தமிழகத்தின் சாதனை பெரிது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. 1997இல் மத்திய அரசு, வறுமைக்கோட்டின் மேலும் கீழுமாக மக்களைப் பிரித்து மானியம் வழங்கும் முறையைப் புகுத்தியது. அப்போதும் தமிழகம் அனைவருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கு நடைமுறைக்கு வந்தபோது, மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேரே அதன் வரம்புக்குள் வந்தனர். எஞ்சியோருக்கான செலவை மாநிலம் தானே ஏற்றது. ஏழைகளைத் தேடிப் பொறுக்கும் முறையில் ஏழைகளே தவறவிடப்படுகிறார்கள் என்பதைத் தமிழகம் உணர்ந்திருந்தது.

எனினும் இந்த விரிந்த கதவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. "நீ ஏழையா?" என்று தமிழகம் கேட்பதில்லை, "நீ எவ்வூரான்?" என்று கேட்கிறது. ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கும் தொழிலாளியிடம் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் இருப்பதில்லை. இங்கு அட்டை பெற வேண்டுமானால் சொந்த ஊர் அட்டையிலிருந்து பெயரை நீக்கியாக வேண்டும். அங்கே அதே அட்டையை நம்பி மனைவியும் பெற்றோரும் இருக்கின்றனர்.

இச்சிக்கலின் ஆழத்தை 2020 மார்ச் மாத ஊரடங்கு நாட்டுக்கு உணர்த்தியது. வேலை நின்ற மறுவாரமே உணவும் நின்றவர்கள் ஊர் நோக்கி நடந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில், அட்டையில்லாத புலம்பெயர் தொழிலாளர்க்குத் தலைக்கு 5 கிலோ தானியம் இரு மாதங்களுக்கு அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் இணைந்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், அத்திட்டத்தை ஜூலை 31க்குள் எல்லா மாநிலங்களும் செயல்படுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

இத்திட்டத்தின்படி, பிற மாநிலத்து அட்டைதாரர் இங்குள்ள நியாயவிலைக் கடையில் விரல்ரேகை பதித்துத் தம் பங்கைப் பெறலாம். குடும்பத்தின் எஞ்சிய பங்கைச் சொந்த ஊரில் உள்ளோர் பெறலாம். பெயரை எங்கும் நீக்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் தானியத்தை மட்டுமே கொண்டு வருகிறது. தமிழக அரசு வழங்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் அதில் அடங்கா. கடை திறக்கும் நேரமும் ஆலையின் பணிநேரமும் ஒன்றாகிவிடுவதுண்டு. மொழி தெரியாதவர் கேட்கத் தயங்குவார். இவற்றினும் பெரிய தடை, பட்டியலிலேயே பெயரில்லாமை. சட்டத்தின் பயனாளர் எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 81 கோடியென வரையறுக்கப்பட்டது. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதன்பின் பெருகிய மக்களுக்கு அதில் இடமில்லை. இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தும் அட்டையில்லாதோர்க்கு மூன்று மாதங்களில் அட்டை வழங்குமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணிக்க நேர்ந்தது இதனாலேயே.

இங்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்கால நிகழ்வொன்று நினைவுகூரத்தக்கது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே அரசின் உதவித்தொகை என்பது அன்றைய விதி. மதீனாவின் புறத்தே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தில் ஓர் இரவு ஒரு குழந்தை ஓயாது அழுதது. உதவித்தொகைக்காகத் தாய் அதற்கு முன்கூட்டியே பால்குடி மறக்கடிக்கிறாள் என்று அறிந்தபோது உமர் (ரலி) கலங்கினார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என அறிவித்தார்கள். அவ்விதியை வகுத்ததில் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆயினும் அதன் நிபந்தனை ஒரு குழந்தையின் பசியாக மாறியது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் கடும் பஞ்சத்தில் மதீனாவை நாடி வந்த நாட்டுப்புற மக்களுக்கும் அங்கேயே உணவளிக்கப்பட்டது. "உங்கள் ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அவர்களிடம் கூறப்படவில்லை.

வெளிமாநிலத்தாருக்கு நாம் ஏன் செலவிட வேண்டும் என்று சிலர் கேட்பர். அவர்களின் உழைப்பே இத்தொழில் மண்டலத்தின் செல்வத்தை ஆக்குகிறது. அவர்கள் வாங்கும் சோப்புக்கும் சட்டைக்கும் இங்கேதான் வரி செலுத்துகின்றனர். ஊரோடு உரிமையைப் பிணைக்காமல், தாம் வாழும் இடத்தில் அட்டை பெறும் வழியை எளிதாக்குவது அரசின் கடன். நம் மஹல்லாக்களும் வாளாவிருத்தல் ஆகாது. ஜுமுஆவில் நம் தோளோடு தோள் நின்று தொழும் அசாம், பீகார் சகோதரரையும், அவரோடு ஓரறையில் வாழும் பிற சமயத் தோழரையும் அருகிலுள்ள நியாயவிலைக் கடைக்கு அழைத்துச் சென்று, அவர்தம் உரிமையை எடுத்துச்சொல்ல ஒரு மணி நேரம் போதும். பெயர் ஓர் ஊரிலும் பசி வேறோர் ஊரிலும் இருக்கையில், இரண்டுக்கும் இடையே நடக்கும் கால்கள் யாருடையவையாவது இருக்க வேண்டும்.