உருளைக்கிழங்குப் பொரியலும் உடல்நலமும்

உணவின் நன்மை தீமைகளை ஆராயப் புகுவோர் உண்ணும் பொருளை மட்டும் நோக்கின் போதாது. அது சமைக்கப்படும் முறையையும் நோக்குதல் வேண்டும். இதனை விளக்குதற்கு உருளைக்கிழங்கினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கு, எமது மலைநாட்டுப் பயிர்களுள் ஒன்றாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளைவது கண்டிச் சந்தைக்கு வருகின்றது. வீடுகளிலே கறியாகவும் பிரட்டலாகவும், தேநீர்க் கடைகளிலே றோல்ஸ், பற்றிஸ் முதலியவற்றின் உள்ளீடாகவும் அது பயன்படுகின்றது. மாலையிலே மாத்தளைக்கும் கம்பளைக்கும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மாணவர் கையில் அதுவே பொரித்த சிப்ஸ் பொட்டலமாகக் காட்சியளிக்கின்றது. இக்கடைசி வடிவமே ஈண்டு எமது ஆராய்ச்சிக்குரியது.

முதலிற் கிழங்கின் இயல்பை நோக்குவோம். தோலோடு அவித்த 100 கிராம் உருளைக்கிழங்கு ஏறக்குறைய 87 கலோரி வெப்பசக்தியைத் தரும். அதில் மாப்பொருள் சுமார் 20 கிராமும், பொற்றாசியம் சுமார் 380 மில்லிகிராமும், விற்றமின் சீ சுமார் 13 மில்லிகிராமும் உள்ளன. கொழுப்போ 0.1 கிராம் மட்டுமே. இத்தகைய உணவைப் பழித்தல் தகாது.

அதே கிழங்கை நீளத் துண்டுகளாக்கிப் பொரித்தால், 100 கிராமில் சுமார் 310 கலோரியும் 15 கிராம் கொழுப்பும் காணப்படும். மெல்லிய சீவலாகப் பொரித்தாலோ கலோரி 530 அளவிற்கும், கொழுப்பு 35 கிராம் அளவிற்கும் உயர்ந்துவிடும். பச்சைக் கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீராகும். கொதிக்கும் எண்ணெயில் அந்நீர் ஆவியாகி வெளியேற, எண்ணெய் உட்புகுகின்றது. சீவல் மெலிதாக மெலிதாக அது குடிக்கும் எண்ணெயும் மிகும். ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருமாதலின், சிறிய பொட்டலமும் ஒரு வேளை உணவிற்கு நிகராகின்றது. ஆயினும் வயிறு நிறைந்த உணர்வு உண்டாவதில்லை.

எண்ணெயின் தன்மையும் கருதத்தக்கது. தேங்காயெண்ணெயில் 80 வீதத்திற்கு மேற்பட்டது நிரம்பிய கொழுப்பாகும். இது மிகுந்தால் இரத்தத்திற் கொலஸ்ரோல் கூடும். எவ்வெண்ணெயாயினும், மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது சிதைந்து கருத்துத் தீய பொருள்களை உண்டாக்கும். மேலே தூவப்படும் உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

2002 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு அறிஞர் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். மாப்பொருள் மிகுந்த உணவை 120 பாகை செல்சியசிற்கு மேற்பட்ட வெப்பத்திற் பொரிக்கும்போதும் வாட்டும்போதும் அக்கிரிலமைட்டு என்னும் பொருள் உண்டாகின்றது என்பதே அது. இது விலங்குகளிற் புற்றுநோயை விளைவிப்பது அறியப்பட்டதே. உணவின்வழி மனிதருக்கு விளையும் தீங்கு இன்னும் ஐயமற நிறுவப்படவில்லையெனினும், இயன்றவரை அதனைக் குறைத்தல் அறிவுடைமையாகும்.

பொரியலை அடிக்கடி உண்போர்க்கு நேர்வது யாது? ஐக்கிய அமெரிக்காவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை நெடுங்காலம் அவதானித்த ஆராய்ச்சியொன்று 2025 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாரத்திற்கு மும்முறை பொரித்த உருளைக்கிழங்கு உண்பதற்கு நீரிழிவு உண்டாகும் வாய்ப்பு 20 வீதம் அதிகமாகக் காணப்பட்டது. அவித்தும், சுட்டும், மசித்தும் உண்டபோது அத்தகைய உயர்வு தெளிவாகப் புலப்படவில்லை. இத்தகைய அவதானிப்பு மட்டுமே காரணகாரியத்தை நிறுவிவிடாது. ஆயினும் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது.

எமது நாட்டிற்கு இவ்வெச்சரிக்கை மிகவும் பொருந்தும். 2005-2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஆய்வின்படி, 20 வயதிற்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினர் நீரிழிவுடையர். நகரப்புறத்தில் அது 16.4 வீதமாகவும், கிராமப்புறத்தில் 8.7 வீதமாகவும் இருந்தது. பொரியலே இதற்குக் காரணம் என்பார் இலர். எனினும், சோற்றோடு உருளைக்கிழங்கையும் உண்டு, அதனை மரக்கறியென எண்ணிக்கொள்ளும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது மரக்கறியின் இடத்தைப் பெறாது. சோற்றின் பங்கைக் குறைத்தே அதனைச் சேர்த்தல் வேண்டும்.

பொரியலை முற்றாகத் துறக்குமாறு யாம் கூறவில்லை. எப்போதாவது உண்ணலாம், நாள்தோறும் உண்ணலாகாது. பொரிக்குமுன் துண்டுகளை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, நீரை நன்கு வடித்துவிட்டால் அக்கிரிலமைட்டுக் குறையும். பொன்னிறமானதும் எடுத்துவிடுக, கபிலநிறமாகும்வரை விடற்க. பொரித்த எண்ணெயை மறுபடியும் பொரியலுக்குப் பயன்படுத்தற்க. பச்சைநிறம் படர்ந்த கிழங்கிற் சொலனைன் என்னும் நஞ்சு இருத்தல் கூடும்; பொரித்தாலும் அது முற்றாக நீங்காதாதலின், அத்தகைய கிழங்கை விலக்குக.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே ஈரப்பலாவும் மரவள்ளியும் வற்றாளையும் மலிந்துள்ளன. இவற்றை அவித்துத் தேங்காய்ப் பூவுடன் உண்டு வளர்ந்தோர் எம்முட் பலர். அவித்த கடலையும் மலிவானதே, புரதமும் தருவது. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையிற் சிப்ஸ் பொட்டலத்திற்குப் பதிலாக இவை இடம்பெற ஆசிரியர்கள் வழிசெய்தல் வேண்டும். பழைய மாணவர்கள் அதற்குப் பொருளுதவி புரியலாம். நாற்பது வயதில் மருத்துவரிடம் கற்கும் பாடத்தைப் பதினான்கு வயதிலேயே கல்லூரியிற் கற்றுக்கொள்ளும் மாணவர் நற்பேறுடையர்.