பங்கிம் பாபுவின் வீராங்கனை

வந்தே மாதர கீதத்தை நமக்கு அளித்த பங்கிம் சந்திரரை (1838–1894) அறியாத தேசபக்தர் இல்லை. ஆயின் அவருடைய சரித்திர நவீனங்களில் வரும் ஸ்திரீகளை நம்மவர் ஊன்றிக் கவனித்தாரில்லை. 1882-ல் வெளியான 'ஆனந்த மட'த்தில் சாந்தி ஆண்வேடம் பூண்டு சந்நியாசிப் படையில் சேருகிறாள். 1884-ல் வந்த 'தேவி சௌதுராணி'யிலோ, மாமனாரால் துரத்தப்பட்ட ஏழைப் பெண் பிரபுல்லா, பவானி பாடகரிடம் ஐந்து வருஷம் கல்வியும் மல்யுத்தமும் பயின்று, கொள்ளைக் கூட்டத்துக்கே ராணியாகிறாள். மாமனாரின் கஷ்டத்தைத் தீர்க்கவும் அவள் பணமே உதவுகிறது. அம்மனிதரோ அவளை வெள்ளையரிடம் காட்டிக் கொடுக்கிறார்! (டிப்டி மாஜிஸ்திரேட் உத்தியோகத்திலிருந்துகொண்டே இதை எழுதினார் பங்கிம் பாபு.) இத்தகையவளை முடிவில் அதே வீட்டில் பாத்திரம் துலக்க அனுப்பிவிடுவது நமக்கு உடன்பாடன்று. சந்நியாசத்தினும் இல்லறமே கடிய யோகம் என்று பிரபுல்லாவின் வாயிலாகவே சமாதானம் கூறுகிறார். அப்படியாயின், அக்கடிய யோகத்தை மாமனாருக்கு விதியாதது ஏனோ?