சாரணர் அணிமுறை: ஒரு விளக்கம்

பள்ளியில் வகுப்புதோறும் ஒரு மாணவத் தலைவன் உண்டு. ஆசிரியர் இல்லாத வேளையில் பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைத்தலே பெரும்பாலும் அவனது பணி. இதனால் அவனும் தலைமை கற்பதில்லை. பெயர் எழுதப்பட்டோரும் அவனுக்கு நண்பராவதில்லை. மாணவரிடையே தலைமைப் பண்பு வளர்க்கப்படுவதாகப் பள்ளி ஆண்டறிக்கைகள் தவறாது கூறுகின்றன. அத்தொடருக்கு நடைமுறைப் பொருள் தேடுவோர்க்கு, நூறாண்டுகளுக்கு மேலாக வழக்கிலிருந்து வரும் சாரணர் இயக்கத்தின் அணிமுறையைச் சுட்டிக்காட்ட விழைகின்றோம்.

தென்னாப்பிரிக்கப் போரின்போது, 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை மேஃபெகிங் நகரம் 217 நாள்கள் முற்றுகையில் கிடந்தது. அந்நகரைக் காத்து நின்ற படைத்தலைவர் பேடன் பவல். போரிட ஆள் போதாமையால், செய்தி கொண்டு செல்லுதல் போன்ற பணிகளில் ஊர்ச் சிறுவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். நம்பி ஒப்படைத்தால் சிறுவரும் பொறுப்பைச் சுமப்பர் என்பதனை அவர் அங்கே கண்டார். பின்னர் 1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் ஒரு சோதனை முகாம் நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரும், அருகிலிருந்த ஊர்களின் எளிய குடும்பத்துச் சிறுவரும் அம்முகாமில் இருந்தனர். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்னும் நீர்ப்பறவை ஆகியவற்றின் பெயரால் அமைந்த நான்கு அணிகளில் இவ்விரு சாராரும் கலந்தே சேர்க்கப்பட்டனர். செல்வர்க்கும் எளியோர்க்கும் இடையே பெருஞ்சுவர் நின்ற அந்நாளைய இங்கிலாந்தில் இஃது எளிய செயலன்று. கூடாரத்தையும் கஞ்சியையும் அனைவரும் பகிர்ந்துகொண்டனர்.

அணிமுறையின் உயிர் அதன் சிறுமையில் உள்ளது. ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர். அவர்களுள் ஒருவர் தலைவர், ஒருவர் துணைத் தலைவர். ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் கூச்சமுள்ள பிள்ளை பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம். எட்டுப் பேரில் ஒளிய இடமில்லை. விறகு சேர்ப்பவர், நீர் கொணர்பவர், முதலுதவிப் பெட்டி காப்பவர், கணக்கு எழுதுபவர் என ஒவ்வொருவர்க்கும் ஒரு வேலை உண்டு. சோறு குழைந்தால் எட்டுப் பேரும் குழைந்த சோறுதான் உண்ண வேண்டும். ஆகவே சமைக்கத் தெரியாதவனைப் பழித்துப் பயனில்லை, அவனுக்குக் கற்பித்தே ஆக வேண்டும். இவ்வாறு அக்கறை என்பது அறிவுரையால் அன்றித் தேவையால் விளைகின்றது. அணித் தலைவர்கள் தமக்குள் கூடி, அடுத்த முகாம் எங்கே, தவறிழைத்தவனை என்செய்வது என்று முடிவு செய்யும் அவையொன்றும் உண்டு. அங்கே ஆசிரியர் வழிகாட்டியாக மட்டுமே இருத்தல் வேண்டும். நம் ஆசிரியர் பலருக்கு இதுவே கடினமான பகுதி என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்!

தலைவன் தானும் விறகு சுமக்க வேண்டும் என்னும் நெறி நமக்குப் புதியதன்று. கி.பி. 627இல் மதீனாவைக் காக்க அகழி தோண்டப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு தோழராக மண் சுமந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டிருப்பர்.

இந்தியாவில் இவ்வியக்கம் 1909இல் பெங்களூரில் தொடங்கியபோது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்க்கே அதில் இடமிருந்தது. இந்தியச் சிறுவர்க்குக் கதவு அடைக்கப்பட்டிருந்த நிலையில், அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சாரணர் தலைப்பாகை அணிந்து, இந்தியப் பாடல்களைப் பாடினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்த பின்னர் அச்சங்கம் பொது இயக்கத்துடன் இணைந்தது. விடுதலைக்குப் பின், பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றாகி, 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண இயக்கம் உருவாயிற்று.

சமயத்தைப் பற்றிய ஐயம் சில பெற்றோர்க்கு எழுவதுண்டு. சாரணர் உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை இடம்பெறுகின்றது. விரும்புவோர் கடவுள் என்னுமிடத்தில் தர்மம் என்று சொல்லிக்கொள்ளவும் இடமுண்டு. எவரையும் தம் மார்க்கத்தினின்று விலகுமாறு அது கேட்பதில்லை. பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே அடுப்பில் சமைத்து உண்ணுதல் இக்காலத்தில் எத்துணை அரிய வாய்ப்பு என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும். சாரணர் இடக்கை கொடுத்துக் கைகுலுக்குவதும் நம்மவர் சிலர்க்கு நெருடலாகத் தோன்றலாம். ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்களிடமிருந்து பெற்ற வழக்கம் என்று அதனைக் கூறுவர். இடக்கையில் கேடயம் ஏந்துபவன் அதனைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டுவது, எதிரில் நிற்பவனை நம்புவதன் அடையாளமாம்.

எனினும், பல பள்ளிகளில் இத்திட்டம் சீருடையளவில் நின்றுவிடுகின்றது. சிறப்பு விருந்தினர் வரும் நாளில் கழுத்துக்குட்டை அணிந்து வாயிலில் இருபுறமும் நிற்பதற்கே சாரணர் தேவைப்படுகின்றனர். ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் விருது ஆகியன உயரிய சான்றுகளே. ஆயின் சான்றிதழுக்காகவே பதிவேடு நிரப்பப்படும் இடத்தில், அணி என்பது பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிவிடும். வாரம் ஒருமுறை கூடாத அணி அணியாகாது.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். 1909இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் அழைப்பின்றித் தாமே வந்து நின்றனர். அதன் விளைவாக, 1910இல் பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் தலைமையில் சாரணியர் இயக்கம் பிறந்தது. இந்தியாவில் அது 1951இல் பாரத சாரண இயக்கத்தோடு இணைந்தது. மகளை இரவு தங்கும் முகாமுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பே. சாரணியர் படையை நடத்துபவர் ஆசிரியையே என்பதும், வாராந்திர அணிக் கூட்டத்தைப் பள்ளி வளாகத்திலேயே நடத்தலாம் என்பதும் அவர்கட்குத் தெரிந்திருத்தல் வேண்டும். முடிச்சிடுதலும் முதலுதவியும் சமையலும் அங்கேயே பயிலலாம். அடுத்து ஒரு பகல்நேர நடைப்பயணம், தாய்மார் ஓரிருவர் உடன்வர. முகாமை அதன்பின் எண்ணலாம். நம் பள்ளி நிருவாகத்தார் ஓர் ஆசிரியையைக் கோடை விடுமுறையில் பயிற்சிக்கு அனுப்பிவைத்தால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே முதல் அணியைத் தொடங்கிவிட இயலும்.