மூடி வைத்த குழி

“பத்தடி தோண்டி உறை இறக்கிடலாம்ங்க. உங்க பேரன் காலத்துக்கும் நிரம்பாது.” கிராமத்தில் கழிப்பறை கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டால் இப்படித்தான் பேச்சு தொடங்கும். வீட்டுக்காரருக்கும் கேட்க நிம்மதி. உண்மையில் தேவை ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குழிதான். ஆனால் அப்படி இரண்டு வேண்டும்.

மலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். சுவரில் செங்கல்லுக்குச் செங்கல் விட்ட சந்துகள் வழியாகவும், பூசாத அடித்தரை வழியாகவும் அது மண்ணில் இறங்கிவிடும். மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்று சுருக்கும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 50 லிட்டர் அளவுக்குத் தங்கும் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று ஆண்டுக்கு 750 லிட்டர். அந்தக் குட்டிக் குழி ஏறக்குறைய 785 லிட்டர் பிடிக்கும். வாயுவையும் மண்ணே உறிஞ்சிக்கொள்வதால் புகைபோக்கி மாதிரி ஒரு குழாயை நட வேண்டியதில்லை. நட்டால் நாற்றத்துக்கும் கொசுவுக்கும் நாமே வாசல் வைத்தது போல.

முதல் குழி நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு இரண்டாவதைத் திறக்க வேண்டும். மூடிய குழிக்குள் குடலின் கதகதப்பு இல்லை, புதுத் தீனியும் வராது. காலரா, டைபாய்டு கிருமிகள் தாக்குப்பிடிக்காது. விடாக்கண்டன் உருளைப்புழுவின் முட்டைதான்; அதன் கெட்டி ஓட்டை நம்பி மாதக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் இரண்டு ஆண்டு விடுவது நல்லது. செப்டிக் டேங்கில் இந்த ஓய்வு கிடையாது. பழையதன் மேல் புதியது விழுந்துகொண்டே இருக்கும். எந்த நாள் திறந்தாலும் பச்சை மலம்தான், கூடவே ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு.

பத்தடிக் குழிக்கு வருவோம். ஊற்று மேலாக இருக்கும் ஊரில், மழைக்காலத்தில் அதன் அடி நிலத்தடி நீரையே தொட்டுவிடும். கிருமிகளை வடிகட்ட நடுவில் மண் இருக்காது. பக்கத்து அடிபம்பில் வரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், குழந்தைக்கு மட்டும் வயிற்றுப்போக்கு நிற்காது. இத்தகைய ஊர்களில் குழியை ஆழமாக்கக் கூடாது. சுற்றிலும் மணல் கொட்டி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பெரிய குழி? “நிரம்பினா யார் அள்றது?” என்ற கேள்விதான் காரணம். அதன் அடியில் இருப்பது சாதி. இதில் சுற்றிவளைத்துப் பேச எதுவுமில்லை. அந்த அருவருப்பை உடைக்கத்தான் 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் ஒரு குழிக்குள் இறங்கி எருவைத் தானே அள்ளினார். முறையாக மக்கிய குழியில் கிடைப்பது காப்பித்தூள் போல உதிரும், வாடையற்ற எரு. வாழைக்கும் தென்னைக்கும் போடலாம்.

ஒரு வேலைப்பிழையை மட்டும் கவனிக்க வேண்டும். முதல் குழி நிரம்பி இரண்டாவதில் வழியட்டும் என்று இரண்டையும் தொடராகக் கோத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எந்தக் குழிக்கும் ஓய்வில்லை. பீங்கானிலிருந்து வரும் குழாய், கவட்டை போல இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். மூடியைத் தூக்கிப் பாருங்கள்: இரண்டு வாயில் ஒன்று செங்கல்லும் சாந்தும் வைத்து அடைத்திருக்க வேண்டும்.